ஏஐ ஏஜென்டுக்கு எம்சிபி சர்வர் இணைக்கப் போறீங்களா? அந்த 10 வரிகளில் என்ன இருக்கிறது?

‘இந்த 10 வரியை காபி பண்ணி செட்டிங்ஸ் ஃபைலில் போடுங்க, ஆப்பை ஒருமுறை மூடித் திறங்க. அவ்வளவுதான்!’

ஏஐ ஏஜென்டுக்கு வெளிக்கருவிகளை இணைப்பது எப்படி என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். இணைத்ததும் ஏஜென்ட் உங்கள் மெயிலைப் படிக்கும், காலண்டரில் மீட்டிங் போடும், அலுவலக டேட்டாபேஸைத் துழாவி ரிப்போர்ட் தரும்.

பத்து நிமிஷ வேலைதான். ஆனால், அந்த வரிகள் மூலம் யாருக்கு, எந்தெந்தச் சாவியைக் கொடுக்கிறோம் என்பதைப் பலரும் பார்ப்பதில்லை.

எம்சிபி என்றால் என்ன?

சாட்பாட்டால் பதில் எழுத முடியும். ஆனால், உங்கள் ஃபைலைத் திறக்கவோ மெயில் அனுப்பவோ தனியாக ஒரு இணைப்பு வேண்டும். முன்பு ஒவ்வொரு ஆப்புக்கும் ஒவ்வொரு ஏஐ-க்கும் தனித்தனியாக இந்த இணைப்பை எழுத வேண்டியிருந்தது. இதற்கு ஒரு பொது விதிமுறையாக, ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ எனும் எம்சிபி-யை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது.

2025-ல் போட்டி நிறுவனங்களான ஓபன்ஏஐ, கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகியவையும் இதை ஏற்றுக்கொண்டன. 2025 டிசம்பரில் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் உள்ள ஓர் அமைப்பிடம் எம்சிபி ஒப்படைக்கப்பட்டது.

இதில் ‘சர்வர்’ என்றதும் பெரிய டேட்டா சென்டரை நினைக்க வேண்டாம். உங்கள் லேப்டாப்பிலேயே ஓடும் ஒரு குட்டி புரோகிராமும் எம்சிபி சர்வர்தான்.

அந்த ஃபைலில் என்ன இருக்கிறது?

பெரும்பாலான ஆப்களில் இது ஒரு ஜேசன் ஃபைல். லேப்டாப்பில் ஓடும் சர்வர் என்றால் மூன்று விஷயங்கள் இருக்கும்: எந்த புரோகிராமை ஓட்ட வேண்டும், அதற்கு என்ன விவரம் கொடுக்க வேண்டும், எந்த ரகசிய டோக்கனைத் தர வேண்டும். வெளியே ஓடும் சர்வர் என்றால், அதன் இணைய முகவரி இருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, லேப்டாப்பில் ஓடும் சர்வர், தனியாகக் கட்டுப்படுத்தாதவரை, உங்கள் பெயரில், உங்களுக்குரிய அதே அனுமதிகளோடு ஓடும். ‘இது வானிலை சொல்லும் சர்வர்தானே’ என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால், உங்கள் டாகுமென்ட்ஸ் ஃபோல்டரைத் திறக்க அதற்கும் வழி உண்டு.

இரண்டாவது, டோக்கனை அந்த ஃபைலிலேயே போட்டால், அது அப்படியே படிக்கக்கூடிய எழுத்தில்தான் இருக்கும். புராஜெக்ட்டோடு சேர்த்து அந்த ஃபைலையும் தெரியாமல் கிட்ஹப்பில் ஏற்றிவிட்டால், சாவியைத் தெருவில் மாட்டி வைத்த கதைதான்.

ஒரே வரியில் கசிந்த மெயில்கள்

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2025 செப்டம்பரில் ‘போஸ்ட்மார்க்-எம்சிபி’ என்ற பேக்கேஜில் ஒரு பிரச்சினை அம்பலமானது. போஸ்ட்மார்க் என்பது மெயில் அனுப்பும் சேவை. அதன் பெயரில் வெளிநபர் ஒருவர் இந்த பேக்கேஜை என்பிஎம் தளத்தில் வெளியிட்டிருந்தார். அந்த நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

முதல் 15 பதிப்புகள் ஒழுங்காகவே வேலை செய்தன. 1.0.16 பதிப்பில் ஒரே ஒரு வரி சேர்க்கப்பட்டது. அதன்பின் ஏஜென்ட் அனுப்பும் ஒவ்வொரு மெயிலின் நகலும் பிசிசி மூலம் அந்த நபரின் முகவரிக்கும் போனது. கோய் செக்யூரிட்டி என்ற பாதுகாப்பு நிறுவனம் இதைக் கண்டுபிடித்தது.

பாஸ்வேர்டு ரீசெட் லிங்க், இன்வாய்ஸ் என எது போனாலும் நகல் போயிருக்கும். என்பிஎம் தளத்தில் இருந்து அந்த பேக்கேஜ் நீக்கப்பட்டது. ஆனால், ஏற்கெனவே இன்ஸ்டால் செய்தவர்களின் கணினியில் இருந்து அது தானாகப் போய்விடாது.

சர்வர் நல்லதுதான், ஆனாலும்...

சரி, அதிகாரப்பூர்வ சர்வரை மட்டும் போட்டால் போதுமா? போதாது.

2025 மே மாதம் இன்வேரியன்ட் லேப்ஸ் ஆய்வாளர்கள் கிட்ஹப்பின் எம்சிபி சர்வரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பொதுவில் உள்ள ஒரு புராஜெக்ட்டில் ‘இஷ்யூ’ ஒன்றைப் பதிவு செய்து, அதற்குள் ஏஜென்டுக்கான கட்டளையை எழுதி வைத்தார்கள். ‘இஷ்யூக்களைப் பார்த்துச் சொல்’ என்று உரிமையாளர் கேட்டதும், ஏஜென்ட் அந்தக் கட்டளையைப் படித்து, அவருடைய தனிப்பட்ட புராஜெக்ட் விவரங்களை எடுத்துப் பொதுவெளியில் போட்டுவிட்டது.

சர்வரில் திருட்டு கோட் எதுவும் இல்லை. மேஜையில் யார் துண்டுச்சீட்டு வைத்தாலும் முதலாளி சொன்னதாக நினைத்துச் செய்துவிடும் புது ஊழியரைப் போல ஏஜென்ட் நடந்துகொண்டது. படிக்க வேண்டிய தகவல் எது, கீழ்ப்படிய வேண்டிய உத்தரவு எது என்று பிரித்துப் பார்ப்பதில் இன்றைய மாடல்கள் ஏமாறக்கூடியவை.

புரோகிராமர் சைமன் வில்லிசன் இதை மூன்று அம்சங்களாகச் சொல்கிறார்: தனிப்பட்ட தகவலைப் பார்க்கும் வசதி, வெளியாட்கள் எழுதியதைப் படிக்கும் வசதி, வெளியே தகவல் அனுப்பும் வசதி. மூன்றும் ஒரே ஏஜென்டிடம் சேர்ந்தால் திருட்டுக்கு வழி திறந்துவிடும். மெயில் சர்வர் ஒன்றை மட்டும் இணைத்தாலே மூன்றும் வந்துவிடுகின்றன என்பதுதான் சிக்கல்!

இணைக்கும் முன் என்ன பார்க்கலாம்?

* யார் வெளியிட்டது? பேக்கேஜின் பெயரை நம்பாதீர்கள். அந்தச் சேவையின் சொந்த இணையதளத்தில் கொடுத்துள்ள சர்வர்தானா என்று பாருங்கள்.

* பதிப்பு எண் உள்ளதா? ‘லேட்டஸ்ட்’ என்று விட்டால், நாளை எந்த கோட் இறங்கும் என்பது உங்கள் கையில் இல்லை. பரிசோதித்த பதிப்பின் எண்ணைக் குறிப்பிடுங்கள்.

* டோக்கனின் எல்லை என்ன? கிட்ஹப்பில் குறிப்பிட்ட புராஜெக்ட்டுக்கு மட்டும், காலாவதித் தேதியோடு டோக்கன் எடுக்கலாம். ஃபைல்களுக்கான சர்வர் என்றால் ஒரு ஃபோல்டரை மட்டும் கொடுங்கள்.

* படிக்க மட்டும் போதுமா? கிட்ஹப் சர்வரை ‘ரீட்-ஒன்லி’ முறையில் ஓட்டலாம். ஜெரோதா 2025-ல் வெளியிட்ட கைட் எம்சிபி சேவையும், பாதிப்பு ஏற்படுத்தக்கூடிய சில ஆர்டர் வசதிகளை விலக்கியே வைத்தது. பண விஷயத்தில் இது சரியான முன்மாதிரி.

* இன்னும் தேவையா? ‘சும்மா போட்டுப் பாப்போம்’ என்று சேர்த்ததை வேலை முடிந்ததும் நீக்குங்கள், டோக்கனையும் ரத்து செய்யுங்கள். கருவிகள் குவிந்தால் ஏஜென்ட் தவறானதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் கூடும்.

பொறுப்பு யாருக்கு?

கருவியைப் பயன்படுத்தும் முன் மனிதரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று எம்சிபி விதிமுறை பரிந்துரைக்கிறது. அதனால்தான் பல ஆப்களில் ‘அனுமதிக்கவா?’ என்ற கேள்வி வருகிறது. ஆனால், நாளைக்கு நாற்பது முறை கேட்டால் யார்தான் படிப்பார்கள்? ‘எப்போதும் அனுமதி’ என்பதை அழுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம்.

உங்கள் டோக்கனோடு ஏஜென்ட் ஒரு ஃபைலை அழித்தால், அந்தச் சேவையின் பதிவேட்டில் பெரும்பாலும் உங்கள் பெயர்தான் இருக்கும். அழுத்தியது நீங்களா, ஏஜென்டா, இஷ்யூவில் கட்டளை எழுதிய யாரோ ஒருவரா என்று அதற்குத் தெரியாது. அலுவலகக் கணக்கை இணைக்கும் முன் ஐடி குழுவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. பிரச்சினை வந்தால் முதலில் விளக்கம் கேட்கப்படுவது உங்களிடம்தான்.