சொல்வதற்கு ஒன்று வேண்டும்

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் கிளைகளில் கல்விக் கடன் பிரிவின் முன் நாற்காலிகள் காலியாக இருப்பதில்லை. சென்ற ஆண்டு அப்படியொரு நாளில் ஒரு தந்தையும் மகளும் வந்தார்கள். அவர்கள் அன்று கேட்டது கல்விக் கடன் அன்று, நகைக் கடன். மகள் வெளிநாட்டில் மேற்படிப்புக்காக ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வை ஒருமுறை எழுதியிருந்தார். கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் நல்ல மதிப்பெண். எழுத்தில் மட்டும் 5.5. அவர் சேர விரும்பிய பல்கலைக்கழகம் கேட்டதோ 6.5. மீண்டும் 15,000 ரூபாய்க்கு மேல் தேர்வுக் கட்டணம். மீண்டும் பயிற்சி மையத்துக்குப் பணம். அதற்காக அவருடைய தாயின் இரண்டு வளையல்கள் எங்கள் நகை மதிப்பீட்டாளரின் தராசில் இருந்தன.

எந்தத் தலைப்பில் கட்டுரை கேட்டார்கள் என்று விசாரித்தோம். எதிர்காலத்துக்குச் சேமிப்பதைவிட இன்றைக்குச் செலவிடுவதையே இளைஞர்கள் விரும்புகிறார்கள், இது நல்லதா கெட்டதா என்பது கேள்வியாம். “எழுத எதுவுமே தோணலை சார். பயிற்சியில் கொடுத்த வாக்கியங்களைத்தான் எழுதி வைத்தேன்” என்றார். சேமிப்பைப் பற்றி எதுவும் தோன்றவில்லை என்று அவர் சொன்ன நேரத்தில், அவருடைய வீட்டின் இருபது ஆண்டுச் சேமிப்பு தராசில் ஏறி நின்றது.

தமிழிலேயே சொல்லுங்கள், உங்கள் கருத்து என்ன என்று கேட்டோம். முதலில் தயங்கினார். பிறகு நிறுத்தவில்லை. அம்மா மாதச் சீட்டுக் கட்டி வாங்கிய வளையல்கள் அவை என்றார். அந்தச் சேமிப்பு இல்லையென்றால் இந்தத் தேர்வே இல்லை என்றார். ஆனால் அதே அம்மா முட்டி வலிக்கு வைத்தியம் பார்க்காமல் அந்தச் சீட்டைக் கட்டினார், அதுவும் சரியில்லை என்றார். ஐந்து நிமிடத்தில் ஒரு முழுக் கட்டுரைக்கு வேண்டிய இரு பக்க நியாயங்களும் எங்கள் மேசைமேல் வந்து விழுந்தன. அவரிடம் இல்லாதிருந்தது கருத்தன்று. தன் கருத்துக்குத் தேர்வுத்தாளில் இடமுண்டு என்னும் நம்பிக்கைதான்.

அந்த மாணவி தனியொருவர் அல்லர். ஆங்கிலத் தேர்வில் எழுத்துப் பகுதியில் மட்டும் தடுக்கி விழும் பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்கிறோம். இலக்கணம் போதவில்லை, சொல்வளம் போதவில்லை என்றே வீட்டில் முடிவு கட்டுகிறார்கள். பல நேரங்களில் குறை அங்கே இல்லை என்பதே எங்கள் கருத்து. சொல்வதற்கு ஒன்று இல்லாதபோது எந்த மொழியும் கைகொடுப்பதில்லை.

தேர்வின் அமைப்பே இதைச் சொல்லிவிடுகிறது. ஐ.இ.எல்.டி.எஸ். எழுத்துத் தேர்வு 60 நிமிடம். அதில் இரண்டாம் பகுதியான கருத்துக் கட்டுரைக்கு ஏறத்தாழ 40 நிமிடம் ஒதுக்கி, குறைந்தது 250 சொற்கள் எழுத வேண்டும். முதல் பகுதியைப்போல் இரு மடங்கு மதிப்பு இதற்கு. நான்கு அளவுகோல்கள் சம அளவில் பார்க்கப்படுகின்றன: கேள்விக்குத் தந்த விடை, கருத்துகளின் ஒழுங்கும் தொடர்ச்சியும், சொல்வளம், இலக்கணம். ஆக, நான்கில் இரண்டு மொழியைப் பற்றியவை. மற்ற இரண்டும் சிந்தனையைப் பற்றியவை. எந்தக் கட்சியில் நிற்கிறோம் என்பதற்கு மதிப்பெண் இல்லை. தெளிவாக நிற்கிறோமா, ஏன் நிற்கிறோம் என்று விரித்துச் சொல்கிறோமா என்பதற்கே மதிப்பெண். பி.டி.இ. தேர்வின் கட்டுரைக்கு 20 நிமிடம், 200 முதல் 300 சொற்கள். அளவு சிறிதானாலும் அங்கும் கேட்பது இதையேதான்.

இதற்குப் பயிற்சி மையங்கள் பல தரும் விடை, ஆயத்த வாக்கியங்கள். எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் முன்னுரை, எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் முடிவுரை, நடுவே மாசு, நெரிசல், தொழில்நுட்பம், அரசின் கடமை என்று மனப்பாடக் கருத்துகளின் பட்டியல். இதை முற்றிலும் பழிக்க மாட்டோம். வீட்டில் முதன்முதலாக ஆங்கிலம் எழுதும் பிள்ளைக்கு, பத்தி எப்படிப் பிரிப்பது, நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்று ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த உதவி நியாயமானது. ஆனால் சட்டகம் வேறு, வீடு வேறு. எத்தலைப்புக்கும் பொருந்தும் வாக்கியம் கேட்ட கேள்விக்கு விடையாவதில்லை. மனப்பாடம் செய்த விடை என்று தெரிந்தால் மதிப்பெண் குறையவே செய்யும். நாள்தோறும் கட்டுரைகளைப் படிக்கும் தேர்வாளருக்கு அது தெரியாமல் போகாது.

குற்றத்தைப் பிள்ளைகள்மேல் சுமத்துவதும் முறையன்று. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பில் அவர்களிடம் விடை கேட்டோம், கருத்துக் கேட்டோமா? வீட்டில் பெரியவர்கள் பேசும்போது அவர்கள் வாய் திறந்தால், “உனக்கு என்ன தெரியும்?” என்றுதானே அடக்கினோம்? இருபது வயதுவரை கேட்கப்படாத கருத்தை 40 நிமிடத்தில், அயல்மொழியில், கடிகாரத்தைப் பார்த்தபடி சொல் என்றால் எப்படி வரும்?

எனினும் வழி உண்டு. பேனாவை எடுப்பதற்கு முன் ஐந்தாறு நிமிடம் ஒதுக்கினால் போதும். அந்த நேரத்தில் ஆங்கிலத்தில்தான் சிந்திக்க வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. முதலில், பெரிய கேள்வியைச் சிறிதாக்கிக்கொள்ள வேண்டும். ‘சமூகம்’, ‘உலகம்’ என்று தொடங்கினால் கை ஓடாது. இந்தக் கேள்வி யாரைத் தொடுகிறது என்று கேட்டு, முகம் தெரிந்த மூன்று பேரை நினைத்துக்கொள்ள வேண்டும். தெருமுனைக் காய்கறிக்காரர், ஓய்வூதியம் வாங்கும் தாத்தா, விடுதியில் தங்கிப் படிக்கும் அக்கா. இவர்களில் யாருக்கு நன்மை, யாருக்குத் துன்பம் என்று பார்த்த அளவில் கருத்துகள் வரத் தொடங்கும். வந்தவற்றுள் வலுவான இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டும். விடுவதுதான் கடினம். ஆனால் 250 சொற்களுக்குள் ஐந்து கருத்துகளைத் திணித்தால் ஒன்றுகூட வளராது.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ரொக்கப் பணம் மறைந்து எல்லாம் மின்னணுப் பரிவர்த்தனையாக மாறுவது நன்மையா என்பது கேள்வி எனக் கொள்வோம். பட்டியல் போடும் மாணவர், ‘நேரம் மிச்சம், பாதுகாப்பு, வசதி, வெளிப்படைத்தன்மை’ என்று நான்கு சொற்களை வரிசையாக அடுக்கி நின்றுவிடுவார். சிந்திக்கும் மாணவர் ஒன்றை மட்டும் எடுத்து, ‘ஏன்?’, ‘அதனால் என்ன?’ என்று தம்மையே கேட்டுக்கொண்டு போவார்.

சிறு வணிகருக்கு இது நன்மை. ஏன்? 2016-இல் யு.பி.ஐ. வந்தபின், தள்ளுவண்டியிலும் க்யூ.ஆர். அட்டை தொங்குகிறது, அன்றாட விற்பனை வங்கிக் கணக்கில் பதிவாகிறது. அதனால் என்ன? சம்பளச் சீட்டு இல்லாதவருக்கும் வருமானச் சான்று ஒன்று உண்டாகிறது. அதனால் என்ன? கடன் தருபவர் நம்புவதற்கு ஓர் ஆதாரம் கிடைக்கிறது. காலையில் கந்துவட்டிக்கு வாங்கி மாலையில் கட்டும் நிலை குறைய வழி பிறக்கிறது. இதற்குச் சான்று? தெருவோர வணிகர்களுக்காக 2020-இல் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி திட்டம். திட்டம் தொடங்கியபோது முதல் தவணையாக 10,000 ரூபாய் வரை பிணையமில்லாக் கடன் தரப்பட்டது. ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தினால் அடுத்துக் கூடுதல் தொகை. மின்னணுப் பரிவர்த்தனைக்கு ஊக்கத் தொகை. இந்த நான்கு படிகளும் சேர்ந்தால் ஒரு பத்தி.

அடுத்த பத்தியில் தாத்தா வருவார். எழுத்து மங்கலாகத் தெரியும் அவருக்குத் திறன்பேசியின் திரை எளிதன்று. யாரோ தொலைபேசியில் கேட்க, ரகசிய எண்ணைச் சொல்லிவிட்டால் சேமிப்பு போய்விடும். இணையவழிப் பண மோசடிக்கென 1930 என்னும் உதவி எண்ணை அரசு வைத்திருப்பதே ஆபத்து உண்மையென்பதற்குச் சான்று. எனவே ரொக்கம் குறையலாம், ஆனால் மறைந்துவிடக் கூடாது என்பது முடிவு. வாசகர் இந்த முடிவை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் எழுதியவர் எங்கே நிற்கிறார், ஏன் நிற்கிறார் என்பதில் ஐயம் இராது.

வேறொரு கேள்வி: பொதுப் போக்குவரத்தை இலவசமாக்கலாமா? ஆயத்தப் பட்டியல் இங்கே மாசையும் நெரிசலையும் சொல்லும். நம் நாட்டு மாணவரிடமோ பல நாட்டவரிடம் இல்லாத அனுபவம் இருக்கிறது. தில்லியில் 2019 முதலும், தமிழ்நாட்டில் 2021 முதலும், கர்நாடகத்தில் 2023 முதலும் அரசுப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். மிச்சமான பயணச் செலவு வீட்டில் என்னவாயிற்று? கட்டணத்தை எண்ணித் தொலைவிலுள்ள வேலையை விட்டிருந்த பெண் இப்போது அதை ஏற்கிறாரா? அந்தச் செலவை வேறு யார் சுமக்கிறார்கள்? பேருந்துகள் போதுமானவையா? இவற்றை எந்தப் பயிற்சி நூலையும்விடத் தம் தாயிடமும் பக்கத்து வீட்டு அக்காவிடமும் கேட்டால் தெளிவாகத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘ஓர் ஆய்வின்படி 75 விழுக்காட்டினர்’ என்று இல்லாத ஆய்வை எழுதும் பழக்கம் பரவியிருக்கிறது. தேர்வாளர் சரிபார்க்கப் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் சொந்த அறிவிலிருந்தோ அனுபவத்திலிருந்தோ எடுத்துக்காட்டுத் தரும்படி வினாத்தாளே வெளிப்படையாகக் கேட்கும்போது, பொய்ப் புள்ளிவிவரம் எதற்கு? கண்ட உண்மை ஒன்று, காணாத எண்கள் பத்தைவிட வலியது. அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபின் இதே பழக்கம் தொடர்ந்தால் அங்கே அது கல்விக் குற்றமாகவே கருதப்படும்.

வங்கியாளர்களாகிய எங்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். ஒவ்வொரு தோல்வியும் பணச் செலவு. ஒரு திறனை மட்டும் மறுபடி எழுதும் வசதி இருந்தாலும் அதற்கும் கட்டணம் உண்டு. எல்லாப் பல்கலைக்கழகங்களும் அதை ஏற்பதும் இல்லை. தேர்வு முடிவின் செல்லுபடிக் காலமோ பொதுவாக 2 ஆண்டுதான். அதைவிடப் பெரிய அக்கறை ஒன்றும் உண்டு. கல்விக் கடனைப் பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் திருப்பிச் செலுத்தத் தொடங்க வேண்டும். அந்தப் பொறுப்பு 15 ஆண்டு வரைகூட நீளலாம். அதைத் தாங்கப்போகிறவர் வகுப்பில் கேள்வி கேட்கவும், நேர்காணலில் தம் கருத்தை நிறுவவும், சரியில்லாத வேலையைச் சரியில்லை என்று மறுக்கவும் தெரிந்தவராக இருக்க வேண்டும். மனப்பாட வாக்கியங்கள் தேர்வு மண்டபத்தைத் தாண்டித் துணைக்கு வரமாட்டா.

ஆகவே பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுமுன், பெற்றோர் செலவில்லாத ஒரு காரியத்தைச் செய்யலாம். இரவு உணவின்போது நாளிதழிலிருந்து ஒரு செய்தியை எடுத்து, “நீ என்ன நினைக்கிறாய்?” என்று பிள்ளையிடம் கேளுங்கள். எந்த மொழியில் சொன்னாலும் சரி. சொன்னபின் திருத்தாமல், “ஏன் அப்படி நினைக்கிறாய்?” என்று மட்டும் கேளுங்கள். உங்கள் கருத்துக்கு மாறாகப் பேசினால் கோபப்படாமல் கடைசிவரை கேளுங்கள். ஒவ்வொரு நாளும் கால் மணி நேரம் போதும். ஆங்கிலம் பிறகு வந்து சேர்ந்துகொள்ளும்.

அன்று அந்த நகைக் கடன் வழங்கப்பட்டது. மகள் பேசி முடித்தபின் தந்தை சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடி, “இவள் இவ்வளவு யோசிப்பாள் என்று எனக்கே தெரியாது சார்” என்றார். நம் வீடுகளில் பலருக்கும் அது தெரியாது. கேட்டுப் பார்த்தால் தெரியும்.