துரும்பும் இணையப் படிவமும்

மறைமலை நகரில் நம் வீட்டிற்கு இரண்டு தெரு தள்ளி வசிக்கும் அம்மையார் ஒருவர் அண்மையில் ஒரு மாலை நம்மைத் தேடி வந்தார். இங்கிலாந்திலிருந்து மகள் மின்னஞ்சலில் அனுப்பி, ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்த மூன்று தாள்கள் அவர் கையில் இருந்தன. "இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க சார். வக்கீலே வைக்காம விவாகரத்து ஆயிடுச்சுங்கறா. இது செல்லுமா?" என்றார். மகளும் மருமகனும் பிரிந்ததைக் காட்டிலும், வக்கீல் இல்லாமல் பிரிந்ததே அவரைக் கலங்கடித்திருந்தது.

கலங்கத் தேவையில்லை என்பது நம் கருத்து. வழக்கறிஞர் இல்லாத மணமுறிவு தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. ஊரார் முன்னிலையில் துரும்பு கொடுத்து மணவிலக்குப் பெறும் வழக்கம் கள்ளர் சமூகத்தில் இருந்ததை, 1909-இல் வெளிவந்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் நூலில் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். அத்துவிடுதல் என்ற சொல் இன்றும் நம் ஊர்ப்புறங்களில் புழங்குகிறது. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும் தன் 29-ஆம் பிரிவில் இத்தகைய வழக்காற்று மணவிலக்குகளை ஏற்றுக்கொண்டது. மணமுறிவு என்றாலே நீதிமன்றப் படிக்கட்டும் கறுப்பு அங்கியும் நினைவுக்கு வருவது பிற்காலத்துப் பழக்கமே.

அத்தாள்களுக்குப் பின்னால் இருக்கும் நடைமுறை எளியது. 2022 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கணவனும் மனைவியும் சேர்ந்தே மணமுறிவுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன்பு ஒருவர் மற்றவர்மீது குற்றம் சுமத்த வேண்டும்; இல்லையேல் ஈராண்டுகளேனும் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். இப்போது மணமாகி ஓராண்டு கடந்திருந்தால், மணவாழ்வு மீட்க இயலாதபடி முறிந்துவிட்டது என்று இருவரும் அறிக்கையிட்டால் போதும். இணையத்தில் படிவத்தை நிரப்பிக் கட்டணம் செலுத்தலாம். நீதிமன்றம் மனுவை ஏற்றதிலிருந்து 20 வாரங்கள் காத்திருந்து நிபந்தனை ஆணை கோர வேண்டும். அது கிடைத்து 6 வாரங்கள் கழிந்தபின் இறுதி ஆணை கோரலாம். மனம் மாறுவதற்கும் இடமுண்டு. மனம் மாறாதோர் ஒருவரையொருவர் தூற்றிக்கொள்ளத் தேவையுமில்லை.

அம்மையாரின் கேள்விக்கு விடை நம் நாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. அவர் மகளின் திருமணம் இங்கே, இந்து முறைப்படி நடந்தது. இப்படி இங்கே மணந்தவர்களுக்கு அயல்நாட்டு நீதிமன்றம் தரும் மணமுறிவு எப்போது செல்லும் என்பதை உச்ச நீதிமன்றம் 1991-இல் வரையறுத்தது. திருப்பதியில் மணந்த ஒருவர், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் குறுகிய கால வசிப்பைக் காட்டி, மனைவியின் இசைவின்றிப் பெற்ற ஆணை அவ்வழக்கில் செல்லாமற் போயிற்று. ஆனால் எதிர்த்தரப்பு மனமுவந்து இசைந்திருந்தால் அயல்நாட்டு ஆணையை ஏற்கலாம் என்றும் அதே தீர்ப்பு கூறியது. ஆகவே வக்கீல் இருந்தாரா என்பதன்று கேள்வி. இருவரும் இசைந்தனரா என்பதே. அம்மையார் கொணர்ந்த தாளில் மகள் முதல் விண்ணப்பதாரர், மருமகன் இரண்டாம் விண்ணப்பதாரர். இசைவுக்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. நீதிமன்றம் சான்றளித்த நகலை மட்டும் பத்திரப்படுத்தச் சொன்னோம்.

இது அயல்நாட்டில்தான் இயலும் என்றும் எண்ண வேண்டா. பரஸ்பர இசைவுடன் பிரிவதற்கான 13-பி பிரிவு இந்துத் திருமணச் சட்டத்தில் 1976-இலேயே சேர்க்கப்பட்டது. அதிலுள்ள ஆறு மாதக் காத்திருப்பைத் தக்க சூழலில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டமோ, வழக்கறிஞர் மூலமாக வாதிடுவது எவருக்கும் உரிமையாகாது என்கிறது. கணவனும் மனைவியும் தாமே நின்று பேச வேண்டிய இடமாகவே அம்மன்றம் உருவாக்கப்பட்டது. நாம்தான் அதை மறந்துவிட்டோம்.

இதனால் வழக்கறிஞரே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. அடி உதை இருந்த வீட்டில், ஒருவர் வருமானம் மற்றவருக்குத் தெரியாத வீட்டில், குழந்தை யாரிடம் என்ற பூசல் உள்ள வீட்டில், இசைவு என்பது அச்சத்தின் மறுபெயராக இருக்கக்கூடும். அங்கே பெண்ணுக்கு ஒரு வழக்கறிஞர் துணை கட்டாயம் வேண்டும். இங்கிலாந்தின் இறுதி ஆணைகூட மணத்தை முறிக்குமே தவிர, வீட்டையும் சேமிப்பையும் பிரித்துத் தராது. பணம் பற்றிய உடன்பாட்டைத் தனியே எழுதி நீதிமன்ற ஒப்புதல் பெற்றாலன்றி, பின்னாளில் உரிமை கோரும் வாசல் திறந்தே கிடக்கும். படிவம் எளிது என்பதற்காக இதை விட்டுவிடுவோர் பின்னர் வருந்த நேரும்.

ஆயின் இருவரும் சமமாக அமர்ந்து பேச முடிகிற இடத்தில், பிரிவையும் அவர்களே எழுதிக்கொள்வதுதான் முறை. ஒன்றாக வாழ முடிவெடுத்தவர்களுக்கு, வாழ இயலவில்லை என்று முடிவெடுக்கவும் தகுதி உண்டு. அந்தத் தகுதியை மறுத்து, யார்மீது பிழை என்று தேடுவதே நம் சுற்றத்தாரின் வழக்கமாகிவிட்டது.

அம்மையாரும் அதைத்தான் தேடினார். தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யார் மேல தப்புன்னு இதுல எங்க சார் போட்டிருக்கு?" என்றார். எங்கும் இல்லை என்றோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அந்தப் பையனும் நல்ல பையன்தான் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.