எண்ணூரில் எரிவது யாருக்கான நிலக்கரி?

2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் பொருளாதாரம் 11.19 சதவீதம் வளர்ந்தது. பெருமைப்பட வேண்டிய எண்தான். அதில் சென்னைக்கும் அதைச் சுற்றியுள்ள ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கும் பெரும் பங்கு உண்டு. விடிவதற்கு முன்பே கம்பெனி வேனுக்காகச் சாலையோரம் காத்து நிற்கும் பெண்களின் சம்பளத்தில்தான் எத்தனையோ வீடுகளில் தம்பி, தங்கைகளின் படிப்பு நடக்கிறது. இந்த வளர்ச்சி வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

ஆனால், வளர்ந்தால் புகையும் கூடத்தான் செய்யும், அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அது உண்மையில்லை. நிலக்கரியை எரித்துப் பொதுமக்களுக்கு மின்சாரம் விற்கும் பழக்கம் 1882இல் லண்டனில், ஹோல்பர்ன் வயடக்ட் என்ற இடத்தில் தொடங்கியது. அதே பிரிட்டன் 2024 செப்டம்பர் 30 அன்று தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடிவிட்டது. 1990க்கும் 2022க்கும் இடையே பிரிட்டனின் பொருளாதாரம் ஏறக்குறைய 80 சதவீதம் வளர்ந்தது. அதே காலத்தில் அங்கிருந்து கிளம்பும் கரியமிலப் புகை பாதியாகக் குறைந்தது.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருப்பதையும் சொல்லியாக வேண்டும். லண்டன் கடையில் தொங்கும் பனியன் திருப்பூரில் தைத்ததாக இருக்கலாம். அதற்குச் சாயம் ஏற்றிய பாய்லரின் புகை நம் கணக்கில் விழுகிறது, அவர்கள் கணக்கில் இல்லை. இறக்குமதியையும் சேர்த்துப் பார்த்தால் பிரிட்டன் சாதித்தது அவ்வளவு பெரிதில்லை. ஆனாலும் குறைந்தது குறைந்ததுதான். வளர்ச்சியையும் புகையையும் பிரிக்க முடியும். புகையை அடுத்தவர் வாசலுக்குத் தள்ளிவிட்டுப் பிரித்துவிட்டதாகச் சொல்லக் கூடாது, அவ்வளவே.

அடுத்தவர் வாசல் என்றதும் நமக்கு வடசென்னையின் எண்ணூர்தான் நினைவுக்கு வருகிறது.

சென்னை மாநகராட்சி 2023இல் காலநிலைச் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது. 2050க்குள் சென்னையைக் கார்பன் சமநிலைக்குக் கொண்டுவருவது இலக்கு. நகரத்தின் புகைக்கு வாகனங்களே முதல் காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சிக்னலில் முகத்தில் அடிப்பது அந்தப் புகைதானே. ஆனால் அந்தத் திட்டத்தின் கணக்குப்படி, சென்னையின் உமிழ்வில் ஏறக்குறைய 70 சதவீதம் வீடுகளும் கடைகளும் அலுவலகங்களும் தொழிற்சாலைகளும் செலவழிக்கும் எரிசக்தியால் வருவது. அதில் பெரும்பகுதி மின்சாரம். நாம் சுவிட்சைப் போடும்போது நம் வீட்டில் புகை வருவதில்லை. வேறோர் இடத்தில் வருகிறது.

மின்தொகுப்பு ஒன்றுதான்; எந்த வீட்டு ஏசிக்கு எந்த நிலையத்தின் மின்சாரம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் நகரத்தின் வடக்கு வாசலிலேயே, எண்ணூர் வட்டாரத்தில், அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்கள் இருக்கின்றன. ஒடிசாவிலிருந்து கப்பலில் வரும் நிலக்கரி காமராஜர் துறைமுகத்தில் இறங்கி இங்கே எரிகிறது. எரிந்த சாம்பல் தண்ணீரில் கரைக்கப்பட்டுக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்குப் போகிறது. குழாய் உடைந்தால் கொசஸ்தலையாற்றில் கலக்கிறது. அந்த ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் கைக்குச் சேறு அகப்பட வேண்டிய இடத்தில் சாம்பல் அகப்படுகிறது. சாம்பல் குளத்தை ஒட்டியிருக்கும் செப்பாக்கத்தில் காற்றடித்தால் கொடியில் காயும் துணியிலும் மூடாத பாத்திரத்திலும் சாம்பல் படிகிறது. தென்சென்னையின் கண்ணாடிக் கட்டடங்களுக்குக் கிடைக்கும் குளிர்ச்சியின் விலையில் ஒரு பகுதியை இந்த ஊர்தான் கட்டிக்கொண்டிருக்கிறது.

2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. மனதாரப் பாராட்டுகிறோம், இன்னும் நிறைய வர வேண்டும். ஆனால் அந்தப் பேருந்துகள் சார்ஜ் ஏறுவதும் இதே மின்சாரத்தில்தான். சுற்றிச் சுற்றி எல்லாம் நிலக்கரியில் வந்து நிற்கிறது. திட்டம் மாநகராட்சியுடையது, மின்நிலையங்களோ மாநகராட்சியின் கையில் இல்லை. மின்வாரியம் அசையாமல் மாநகராட்சி மட்டும் 2050 இலக்கைத் தொட முடியாது.

நம்மிடம் வழி இல்லாமல் இல்லை. காற்றாலை மின்சாரத்தில் இந்தியாவுக்கே முன்னோடி நாம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் மே முதல் செப்டம்பர் வரை அடிக்கும் காற்று ஒரு வரம். பகலில் சூரிய மின்சாரமும் கைகொடுக்கிறது. சிக்கல் இரவில்தான். வெயில் சாய்ந்ததும் சூரிய மின்சாரம் நின்றுவிடும். அப்போதுதான் வீடுகளில் ஏசி ஓடத் தொடங்கும். அந்த இரவுகளுக்குத் தேவை சேமிப்பு. பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, இரவில் கீழே விட்டு மின்சாரம் எடுப்பதற்கான 500 மெகாவாட் குந்தா திட்டம் நீலகிரியில் பல ஆண்டுகளாகக் கட்டுமானத்திலேயே இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டுத் தாமதமும் இன்னொரு கோடைக்காலத்து நிலக்கரி என்பதை அதிகாரிகள் உணர வேண்டும்.

தேவையைக் குறைக்கவும் இடமிருக்கிறது. மொட்டை மாடிக்கு நேர்கீழே குடியிருப்பவர்களுக்குத் தெரியும்: மே மாதத்தில் இரவு பத்து மணிக்குச் சுவரில் கை வைத்தாலும் சுடும். மின்விசிறி அனலைத்தான் இறக்கும். மாடியில் வெள்ளைப் பூச்சு அடித்தால் அந்தச் சூடு கணிசமாகக் குறையும். சுண்ணாம்பு அடிக்கும் செலவு ஓர் ஏசியின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. புதுக் கட்டடங்களுக்கு இதை விதியாக்குவதில் அரசுக்கு என்ன தயக்கம் என்று நமக்குப் புரியவில்லை.

ஓர் அரசு எதை ஆண்டுதோறும் எண்ணிச் சொல்கிறதோ, அதைத்தான் அக்கறையோடு கவனிக்கும். வளர்ச்சி விகிதத்தை ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கிறோம். அடுத்த நிதிநிலை அறிக்கையில் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே இன்னோர் எண்ணையும் தமிழக அரசு வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்: அந்த ஆண்டு எண்ணூர் வட்டாரத்தில் எரிந்த நிலக்கரி எத்தனை டன், முந்தைய ஆண்டைவிடக் கூடுதலா, குறைவா?