கேம்ப் ரோட்டில் ஒரு கல் வைக்கலாமே!

வேளச்சேரி - தாம்பரம் சாலை சுமார் 15 கிலோமீட்டர்தான். செல்லூரிலிருந்து திருமங்கலம் போகிற தூரம்கூட இல்லை. வேலை தேடிச் சென்னை போன நம்மூர்ப் பையன்களுக்கு மேடவாக்கம், சேலையூர் எல்லாம் மனப்பாடம்.

இந்தச் சாலை என்றாலே டிராஃபிக் புலம்பல்தான். 2022 மே மாதம் மேடவாக்கத்தில் 2 கி.மீ. நீள மேம்பாலம் திறந்தார்கள். செலவு ஏறக்குறைய 95 கோடி. நல்ல விஷயம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதே சாலைக்கு இன்னொரு கதை இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை.

சேலையூர் கேம்ப் ரோடு பக்கத்தில் தாம்பரம் விமானப்படை நிலையம். 2016 ஜூலை 22 காலை அங்கிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 விமானம் வங்கக் கடலுக்கு மேல் காணாமல் போனது. உள்ளே 29 பேர். கப்பலும் விமானமுமாக வாரக்கணக்கில் தேடினார்கள். ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. செப்டம்பரில், இறந்ததாகக் கருத வேண்டும் என்று குடும்பங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். உடலும் இல்லை, இடமும் தெரியாது. இறந்த தேதிகூட ஓர் ஊகம். அப்படியே ஏழரை வருஷம்!

2024 ஜனவரி 12 அன்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது: சென்னைக் கரையிலிருந்து 140 கடல்மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள். அந்தப் பகுதியில் வேறு விமானம் காணாமல் போனதாகப் பதிவே இல்லை, ஆகவே இதுவாகத்தான் இருக்கும் என்றார்கள். படம் எடுத்தது தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் தானியங்கி நீர்மூழ்கிக் கருவி. அந்தக் கழகம் எங்கே இருக்கிறது தெரியுமா? பள்ளிக்கரணையில். அதே வேளச்சேரி - தாம்பரம் சாலையில்!

தொலைத்த இடமும் கண்டுபிடித்த இடமும் ஒரே பஸ் ரூட்டில். தினமும் ஆயிரக்கணக்கானோர் இரண்டையும் தாண்டிப் போகிறார்கள், ஜன்னலோர சீட்டில் தூங்கியபடி.

நினைவுச்சின்னத்தை முகாமின் மதிலுக்குள் வைத்தால் யார் பார்ப்பது? பொதுச்சாலையில், பொதுமக்கள் கண்ணில் படுகிற மாதிரி இருக்க வேண்டும். போனவர்கள் எல்லோரும் சிப்பாய்களும் இல்லை. 8 பேர் விசாகப்பட்டினம் கடற்படை ஆயுதக் கிடங்கின் சிவிலியன் ஊழியர்கள். 95 கோடிக் கணக்கில் ஒரு கல்லின் விலை எந்தப் பத்தியிலும் தெரியாது (காமர்ஸ் மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்). கேம்ப் ரோடு சந்திப்பில் நெரிசல் என்றால் பள்ளிக்கரணையில் கழகத்தின் வாசல் பக்கம் வைக்கட்டும். பெயர்களைத் தமிழோடு தெலுங்கிலும் பொறிக்கட்டும்.