இருக்கும் ஊரின் ஆறு யாருடையது?

"இது நம் ஊரா? நமக்கேன் இந்த வேலை?" சிரமதானத்துக்கு அழைக்கும்போது இடம்பெயர்ந்த குடும்பங்களிடமிருந்து எழக்கூடிய கேள்வி இது. சோம்பலால் எழும் கேள்வியல்ல. சொந்தக் காணியையும் கிணற்றையும் விட்டு வந்தவருக்கு இரவல் மண்ணில் மண்வெட்டி பிடிக்க இலகுவில் மனம் வராது. இதற்கு விடை காண, அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் ஓடும் பிறொங்ஸ் ஆற்றின் வரலாறு நமக்கு உதவும்.

ஏறத்தாழ 37 கிலோமீற்றர் நீளமான அந்தச் சிறிய ஆறு, நகருக்குள் குப்பைக்கிடங்காகவே மாறியிருந்தது. பழைய கார்களும் ரயர்களும் அதற்குள் கிடந்தன. அதன் கீழ்க்கரையில் வாழ்ந்தோரில் பலர், அமெரிக்கத் தென்மாநிலங்களின் வயல்களையும் புவேர்ட்டோ ரிக்கோத் தீவையும் விட்டுப் பிழைப்புத் தேடி வந்த ஏழைக் குடும்பத்தினர். 1970களில் அங்கே குடியிருப்புகள் தொகையாக எரிந்தழிந்தன. அந்தப் பத்து ஆண்டுகளில் பிறொங்ஸ் பகுதியின் சனத்தொகை ஏறத்தாழ 3 இலட்சத்தால் குறைந்தது.

அவ்வாறான வேளையில்தான், 1974ஆம் ஆண்டு, ரூத் அண்டர்பேர்க் என்னும் பெண்மணி ஆற்றைத் துப்புரவாக்கும் முயற்சியைத் தொடங்கினார். ஊர்மக்களும் இளைஞர்களும் ஆற்றில் இறங்கினர். வேலை ஒரு நாளில் முடியவில்லை. ஒரு தலைமுறை சென்றது. 2001இல் உள்ளூர் அமைப்புகள் பல சேர்ந்து ஒரு கூட்டமைப்பை நிறுவின. ஏறத்தாழ 200 ஆண்டுகளாக நகரில் காணப்படாத பீவர் என்னும் நீர்விலங்கு 2007இல் அந்த ஆற்றில் தென்பட்டது. கைவிடப்பட்ட கொங்கிறீற் ஆலை நின்ற கரை 2009இல் பூங்காவாயிற்று.

ஆனால் கைகளால் மட்டும் எல்லாம் ஆகிவிடவில்லை. பலத்த மழை பெய்யும்போது நகரின் கழிவுநீர்க் குழாய்கள் நிரம்பி வழிந்து ஆற்றில் கலப்பதைச் சிரமதானத்தால் நிறுத்த முடியாது. அது நகர நிர்வாகத்தின் கடமை. ஆகவே மக்கள் ஒரு கையால் குப்பையை அள்ளவும் மறு கையால் மனு எழுதவும் வேண்டியிருக்கிறது. நம் உழைப்பைக் காட்டி அதிகாரிகள் தங்கள் பொறுப்பிலிருந்து நழுவ நாம் இடமளிக்கலாகாது.

இன்னுமொரு பயம் நம்மிடம் உண்டு. இந்த ஊரின் வாய்க்காலைத் துப்புரவு செய்தால், சொந்த ஊருக்குத் திரும்பும் எண்ணத்தைக் கைவிட்டோம் என்று பிறர் கருதுவார்களோ என்பதே அது. அப்படியல்ல. காணி உறுதி நம் பெட்டியில் இருக்கட்டும். திரும்பும் உரிமையைக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் அழுக்குத் தண்ணீர், குடிப்பவர் சொந்த ஊரவரா வந்த ஊரவரா என்று பார்த்து நோய் தருவதில்லை. இன்று நம் பிள்ளைகள் குளிப்பது இந்த ஊர் நீரில்தான்.

அயலவரோடு சேர்ந்து ஆற்றில் இறங்குவோம். ஒன்றாகச் சேறு அள்ளியவர்கள் ஒருவரையொருவர் "வந்தவர்கள்" என்று சொல்வது குறையும். நாளை நம் மண்ணுக்குத் திரும்பும்போது, தூர்ந்த குளத்தைத் திருத்தும் பழக்கமும் நம் கைகளோடு கூடவே வரும்.