கரிய வண்டியும் சிறகு வண்டியும்

மோட்டார் வண்டிக்கும் தமிழ்ப் பண்டிதனுக்கும் என்ன தொடர்பு என்று அன்பர் சிலர் வினவுதல் கூடும். அணியிலக்கணம் கற்பிப்பவனை விடாது தொடரும் வினா ஒன்று உண்டு. பொருளுக்காக அணியா, அணிக்காகப் பொருளா என்பதே அது. அவ்வினாவுக்கு அமெரிக்க வண்டிகள் இரண்டை எடுத்துக்காட்டாகக் கொள்வேன். ஒன்று, ஹென்றி போட் 1908இல் வெளியிட்ட ‘மொடல் ரி’. மற்றது, 1959ஆம் ஆண்டின் கடிலாக்.

மொடல் ரி கமக்காரனுக்கும் எட்டவேண்டுமென்று செய்யப்பட்டது. சேற்றிலும் பள்ளத்திலும் ஓடுதற்பொருட்டு அதன் உடல் நிலத்தினின்றும் உயர்ந்து நின்றது. அதன் வலு 20 குதிரைவலுவே. பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திப் பட்டி பூட்டி, அதனால் மரம் அரிந்தோரும் நீர் இறைத்தோரும் பலர். 1913இல் நகரும் தொடர்முறை வந்தது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலெடுத்த பொருத்துவேலை, அடுத்த ஆண்டில் ஏறக்குறைய ஒன்றரை மணியாயிற்று. தொடக்கத்தில் 825 டொலர் பெற்ற இருவர் வண்டி, 1925இல் 260 டொலருக்கு விற்றது. 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வண்டிகள் பிறந்தன. இடையிற் பல்லாண்டு கறுப்பே அதன் ஒரே நிறம்.

கடிலாக்கோ ஏறக்குறைய 19 அடி நீளமும் 325 குதிரைவலுவும் உடையது. அதன் பின்புறத்தே சிறகுகள் இரண்டு வானோக்கி எழுந்தன. ஹாலி ஏர்ல் என்பார் தலைமையில் வடிவமைத்தோர், இரட்டைவாற் போர்விமானம் ஒன்றைக் கண்டு வியந்து, 1948ஆம் ஆண்டு வண்டியிற் சிறிதாக அமைத்த உறுப்பு அது. விமானத்தின் வால் அதனை நிலைபெறச் செய்யும். வீதியிற் செல்லும் வண்டிக்கு அது செய்த பணி யாது? கண்டோர் வியந்தனர், அவ்வளவே. 1960இலேயே அது தாழத் தொடங்கிச் சில ஆண்டுகளில் மறைந்தது.

ஆயின், கரிய வண்டி குற்றமற்றதா? அன்று. ஒரே அசைவை நாள் முழுதும் செய்து சலித்த தொழிலாளர் கூட்டங் கூட்டமாக விலகினர். 1914இல் நாட்கூலி ஐந்து டொலராக உயர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நிறமும் நயமும் வேண்டிய மக்கள் செவ்ரோலே வண்டியை நாடியபொழுது, மொடல் ரி நின்றுபோயிற்று. அழகை விரும்புதல் மனித இயல்பு. அதனைப் பழித்தல் தகாது.

என் வழக்கு வேறு. சென்ற ஆண்டு வாங்கியது இவ்வாண்டு பழையதாகத் தோன்றவேண்டும் என்று திட்டமிட்டு, ஆண்டுதோறும் வடிவத்தை மாற்றினர். சிறகு அத்திட்டத்தின் கருவியாயிற்று. வாங்கியவன் தன் பொருளை வெறுக்கும்படி செய்யும் அணி, அழகுக்கே பகையாகும். ஆதலால் இரண்டனுள் என் வாக்கு கரிய வண்டிக்கே.

மாணவரின் கட்டுரையில் உவமை ஒன்று மின்னும்போது ஆசிரியர் மகிழலாம். மகிழ்ந்தபின், “இதனை நீக்கினாற் பொருள் குறையுமா?” என்றும் ஒருமுறை கேட்பாராக.