சைக்கிளில் சர்வகலாசாலைக்கு



ரயில் நிலையத்தில் பயணச்சீட்டுச் சாளரத்தின் பின்னே அமர்ந்திருப்பவனுக்கு ஊராருடைய முகங்கள் தெரியும், கால்கள் தெரியமாட்டா. ஆகவே சித்தூர், பாகாலாப் பக்கங்களிலிருந்து சீசன் டிக்கெட்டில் வந்து திருப்பதியில் இறங்கும் மாணாக்கர்கள், நிலையத்தை விட்டு வெளியேறிய பின் எவ்வாறு கல்லூரி போய்ச் சேருகிறார்கள் என்பதை நாம் நெடுநாள் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்கும்படி செய்தது நமது தெருவில் நடந்த ஒரு சம்பவம்.

திருச்சானூர் சாலைப் பக்கம் குடியிருக்கும் நம்மவர் குடும்பம் ஒன்றின் மூத்த பெண், பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அந்தக் குடும்பத்தில் பட்ட வகுப்பை எட்டிய முதல் பிள்ளை அவள்தான். தந்தையார் விடுதி ஒன்றில் கணக்கெழுதுகிறார். போக ஏழு கிலோமீட்டர், வர ஏழு கிலோமீட்டர். இரண்டு ஷேர் ஆட்டோ மாற வேண்டும். ‘2025 ஆகஸ்டு 15 முதல் இம்மாநிலத்தில் பெண்களுக்குப் பேருந்துக் கட்டணம் இல்லையே’ என்று நேயர்கள் கேட்கலாம். உண்மை, அது பெரிய உபகாரமே. ஆனால் யாத்திரிகர் கூட்டம் நிறைந்த இந்நகரில் காலை எட்டரை மணிக்குப் படியில் கால் வைக்க இடம் கிடைப்பது அரிது. முதல் வகுப்பு தவறித் தவறி, அந்தப் பெண்ணின் வருகைக் கணக்கு தேர்வெழுத வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது. ‘இந்த ஆண்டோடு நிறுத்திவிடலாமா என்று பார்க்கிறேன் சார்’ என்று தந்தையார் நம்மிடம் சொன்னபோது நமக்கு உள்ளே ஏதோ அறுந்தது போலிருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. நாம் பிறந்த ஊரில் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்க ஆறு கிலோமீட்டர் போக வேண்டும். வீட்டில் ஒரே ஒரு சைக்கிள். நம்மை விட நான்கு வயது மூத்த தமக்கையார் நம்மைக் காட்டிலும் நன்றாகப் படிப்பவர். எனினும் எட்டாம் வகுப்போடு நின்றார். பின்னர் அந்தச் சைக்கிளில் நாம் பள்ளிக்குப் போனோம், மெட்ரிகுலேஷன் தேறினோம், ரயில்வே உத்தியோகமும் பெற்றோம். ‘பெண் பிள்ளைக்குச் சைக்கிள் எதற்கு’ என்று அன்று வீட்டில் ஒருவர் சொன்னார். மற்றவர் யாவரும் பேசாதிருந்தோம், அவ்வளவுதான் நடந்தது.

தமிழகத்தில் பெண்களுக்கு இலவச சைக்கிள் கொடுக்கும் திட்டம் 2001ஆம் ஆண்டு வாக்கில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியரிடமிருந்து தொடங்கி, பின்னர் எல்லார்க்கும் விரிந்தது. தமக்கையாருக்கு அது காலங்கடந்த மழை. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு சேரும் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். அதன் பயனை ஆராய்ந்த கார்த்திக் முரளீதரன், நிஷீத் பிரகாஷ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு 32 சதவீதம் கூடியதாகக் கணக்கிட்டிருக்கின்றனர். அந்த ஏற்றம் பெரும்பாலும் பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களிலேயே காணப்பட்டதாம். பிள்ளையை நிறுத்துவது அறிவுக்குறையன்று, தூரம் என்பது இதனால் விளங்கும்.

நிற்க. நாம் சைக்கிள் யோசனையைச் சொன்னதும் தந்தையார் முகம் சுளித்தார். ‘வயசுப் பெண் சைக்கிளில் போனால் நாலு பேர் என்ன பேசுவார்கள்?’ என்றார். அப்பொழுது அடுக்களையிலிருந்து அவருடைய மனைவியார் வெளியே வந்தார். அந்த அம்மையார் புதுக்கோட்டைச் சீமையில் பிறந்தவர்.

‘அண்ணா, 1992இல் எங்கள் ஊரில் அம்மா, அத்தை, சித்தி எல்லாருமே சைக்கிள் பழகினார்கள். நானும் பழகினேன். நாலு பேர் பேசத்தான் பேசினார்கள். பிறகு அவர்கள் வீட்டுப் பெண்களும் பழகினார்கள்’ என்றார்.

நேயர்களில் இளையவர்கள் இதனை அறியமாட்டார்கள். ஷீலா ராணி சுங்கத் என்னும் பெண்மணி புதுக்கோட்டைக் கலெக்டராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கத்தார் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்பித்தனர். கல்லுடைக்கும் கூலிப் பெண்கள் முதல் ஆசிரியைகள் வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பழகினர் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்களுக்கான வண்டி போதாமையால் ஆண்கள் வண்டியிலேயே ஏறினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதுவே நல்லதென்றும் கண்டுகொண்டார்களாம்! அம்மையார் பழகியதும் கம்பி வைத்த வண்டியில்தான். தந்தையார் பதில் பேசவில்லை. இருபது ஆண்டு இல்லறத்தில் மனைவிக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பதை அவர் அன்றுதான் அறிந்தார் என்று நமக்கு ஓர் ஐயம்.

யாழ்ப்பாணத்தாரையும் இங்கே நினைக்க வேண்டும். அவர்கள் ‘துவிச்சக்கர வண்டி’ என்று அழகாகச் சொல்லுவர். 1990களின் போர்க்காலத்தில் எரிபொருள் தடைப்பட்டிருந்தபோது அக்குடாநாடே துவிச்சக்கர வண்டியில்தான் ஓடிற்று. பல்கலைக்கழக மாணவரும் மாணவியரும் அதில்தான் போனார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திலோ கதை வேறு. அங்கே தலைவராயிருந்த எமில் மிராக் என்பார், மாணவர்கள் சைக்கிளில்தான் வருவார்கள் என்று முன்னரே நினைத்து வளாகத்தை அமைக்கச் சொன்னார். நடு வளாகத்துக்குள் மோட்டார் வண்டிகள் விடப்படவில்லை. 1967இல் அவ்வூர்ச் சாலைகளிலும் சைக்கிளுக்கெனக் கோடு கிழித்தார்கள். போரும் வறுமையும் வந்துதான் சைக்கிள் ஏற வேண்டும் என்பதில்லை.

1954இல் தோன்றிய நமது வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் வளாகம் மரநிழல் நிறைந்தது; மகளிர் பல்கலைக்கழகமும் அண்மையில்தான். ரயில் நிலையத்திலிருந்து பார்த்தால் மூன்று நான்கு கிலோமீட்டர். துறைகளின் வாசலில் கூரையிட்ட சைக்கிள் நிறுத்தம் வேண்டும். பங்ச்சர் ஒட்டுபவர் ஒருவர் வாயிலருகே இருந்தால் அதுவே பாதி ஊக்கம். சித்தூரிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: சைக்கிளை நாள்தோறும் ரயிலில் ஏற்றி இறக்க நினையாதீர்கள், அது லக்கேஜாகப் பதிவாக வேண்டிய சரக்கு, உங்களுக்கும் தொல்லை, எமக்கும் தொல்லை! பழைய வண்டி ஒன்றை வாங்கித் திருப்பதியிலேயே ஸ்டாண்டில் விட்டுவைப்பது உத்தமம்.

அபாயம் இல்லையென்று நாம் சொல்லவில்லை. வெளியூர் யாத்திரை வண்டிகளின் ஓட்டுநர்களுக்கு இவ்வூர்த் திருப்பங்கள் தெரியா. ஷேர் ஆட்டோ எந்த இடத்தில் நிற்கும் என்பது அதை ஓட்டுபவருக்கே தெரியாது. மேம்பாலத்தில் ஏற வேண்டாம். சற்றுச் சுற்றானாலும் உள் தெருக்களே நல்லவை. துப்பட்டாவை முடிந்து கட்டிக்கொள்ள வேண்டும். செயின் மூடியில்லாத வண்டியைப் பெண்களுக்கு வாங்கலாகாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பேருந்தே கதி. 2021 நவம்பரில் இந்நகரத் தெருக்கள் ஆறாக ஓடியதைக் கண்டவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பெண்ணுக்குச் சைக்கிள் வந்த விதத்தைச் சொல்லவில்லையே. தமக்கையாரின் மகள் பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த வண்டியை ஓட்டிப் படித்துத் தேறி, இப்பொழுது வேலூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வண்டி குடியாத்தத்தில் திண்ணையோரம் துருவேறிக் கிடந்தது. தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னோம். தமக்கையார் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ‘டயர் இரண்டும் மாற்ற வேண்டும், தம்பி. மாற்றியே அனுப்புகிறேன்’ என்றார். மறுவாரம் பார்சலில் வந்தது. நாமே கையெழுத்திட்டு வாங்கினோம். அந்தப் பெண் ஆறு வாரமாக அதில் போய்வருகிறாள். இரு முறை விழுந்தாள். முதல் வகுப்பு ஒரு நாள்தான் தவறியது.

இவ்வாறு உங்கள் வீட்டிலோ எல்லைக்கு அப்பால் உறவினர் வீட்டிலோ சும்மா கிடக்கும் வண்டி இருந்தால் சங்கச் செயலாளரிடம் தெரிவியுங்கள். இப்பொழுது மூன்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் இருவர் பெண்கள். சைக்கிள் பழக விரும்பும் பெண்களுக்கு அந்தப் புதுக்கோட்டை அம்மையார் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கற்பித்துத்தர இசைந்திருக்கிறார். தாய்மார்களும் வரலாம் என்று எழுதச் சொன்னார்.